கை நனைத்தல்

வீரவநல்லூரைத் தாண்டியதும் சிவசண்முகம் பின்சீட்டில் கிடந்த துணிப்பையைத் திரும்பிப் பார்த்தார். காரில் ஏறியதிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். கேட்பதற்குத்தான் இவ்வளவு தூரம் ஆயிற்று.

"அதுல என்ன மாப்ள?"

"மத்தியானச் சாப்பாடு மாமா."

"நல்லாருக்கு. பொண்ணு பாக்கப் போற எடத்துக்குச் சோத்துப் பையத் தூக்கிட்டுப் போறவரு நம்ம வகையில நீங்க ஒருத்தர்தான்."

"ராகுகாலத்துக்கு முன்னால போயிரணும்னு சாப்பிட விடாமக் கெளப்பிட்டீங்க. அங்கன கை நனைக்கக் கூடாதுன்னும் நீங்கதான் சொன்னீங்க."

சிவசண்முகம் முன்னால் திரும்பி உட்கார்ந்தார். சொன்னவர் அவர்தான். காப்பி குடிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் தட்டில் கை வைத்துவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். பிறகு யாரும் பேச்சை மாற்ற முடியாது. அவருடைய அப்பா ஒரு தடவை தென்காசியில் பசி தாங்காமல் ஒரு வடையைத் தின்றுவிட்டு, பிடிக்காத இடத்தில் தங்கையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த அத்தை கடைசிவரை அண்ணனை 'வடை' என்றுதான் சொல்லுவாள்.

சிவசைலம் சாலையைப் பார்த்துக் காரை ஓட்டினான். மாமனார் மருமகனுக்குப் பெண் பார்ப்பதை ஊரில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். சிவசண்முகத்தின் மகள் சுப்ரஜா தலைக்குள் ரத்தம் கசிந்து இறந்து இரண்டு வருஷம் முடிந்திருந்தது. சிவசைலத்துக்கு அப்பா அம்மா இல்லை. எடுத்துச் செய்ய வேறு ஆள் இல்லாததால், பெற்ற மகளுக்கு மாப்பிள்ளை தேடிய அதே செருப்போடு அவர் மறுபடியும் அலைந்தார். நாலு இடம் தட்டிப்போய், இது ஐந்தாவது.

இந்த அலைச்சலுக்கெல்லாம் அவன் வயிறுதான் காரணம் என்று அவர் நம்பினார். சுப்ரஜா போன பிறகு சிவசைலம் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. நீர்வளத்துறையில் உதவிப் பொறியாளர் வேலை. கால்வாய்க்கரை, மதகு, ஷட்டர் என்று சுற்றுகிறவனுக்குப் பசித்த இடத்தில் பரோட்டா கிடைத்தது. கிடைக்காத நேரத்தில் டீயும் பன்னும். காய் என்று ஒன்று உலகத்தில் இருப்பது மறந்துபோயிற்று. தண்ணீர் குடிப்பதும் மறந்தது. போன வருஷம் ஆடி மாதத்தில் அடிவயிற்றின் இடப்பக்கம் வலித்தது. அதை வலி என்று தெரிந்துகொள்ளவே அவனுக்கு மூன்று நாள் ஆயிற்று. எல்லாமே கம்பளிக்கு உள்ளேயிருந்து தொட்டுப் பார்ப்பதுபோல இருந்த காலம் அது. மாமனார் வந்து பார்த்தபோது உடம்பு காய்ச்சலில் கொதித்தது. வயிறு கட்டியிருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு அவர் விளக்கெண்ணெயைச் சூடாக்கி டம்ளரில் ஊற்றிவிட்டார். அவன் வாந்தி எடுத்ததால் அது உள்ளே போகவில்லை.

"குடிச்சிருந்தாருன்னா இன்னைக்கு இவருக்கு வயித்தக் கிழிச்சிருப்போம்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஸ்கேன் படத்தில் பெருங்குடலின் சுவரைக் காட்டினார். சைக்கிள் டியூப் பலவீனமான இடத்தில் புடைப்பதுபோலச் சுவரில் சின்னச் சின்னப் பைகள். அதில் ஒன்று புண்ணாகி வீங்கியிருந்தது. டைவர்டிகுலைட்டிஸ் என்றார். அந்தப் பெயரைச் சிவசண்முகம் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, 'குடல்பை' என்று வைத்துக்கொண்டார். இந்த வயதில் இது கொஞ்சம் முந்தித்தான் என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவர் மறக்கவில்லை.

வீக்கம் அடங்கும்வரை வடிகஞ்சியும் இளநீரும் பருப்புத் தண்ணீரும். அப்புறம் குழைந்த சோறு, இட்லி. அதற்கும் அப்புறம்தான் நார்ச்சத்து. சிவசைலம் படித்தவன் என்பதால் அவசரப்பட்டான். நார்தான் மருந்து என்று எங்கேயோ வாசித்துவிட்டு, வீட்டுக்கு வந்த மறுநாளே வாழைத்தண்டையும் கொத்தவரங்காயையும் வாங்கி வந்து தின்றான். ராத்திரி முழுக்க வயிறு உறுமியது. டாக்டர் சிரித்தார். "நீரு கால்வாய் எஞ்சினியர்தானவே? காஞ்சு கெடந்த கால்வாயில ஒரேயடியா ஷட்டரத் தூக்கினா என்ன ஆகும்? கரை ஒடையும்லா. பைய, பைய."

அது அவனுக்குப் புரிகிற பாஷையாக இருந்தது. பைய ஆரம்பித்தான். ஒரு வாரம் சுரைக்காய், மறுவாரம் அவரைக்காய், பிறகு கீரை. வெள்ளைச் சோறு போய்ச் சிவப்பரிசி வந்தது. தண்ணீர்ப் பாட்டில் எப்போதும் கூடவே இருந்தது. சாயங்காலம் குறுக்குத்துறைவரை நடந்துபோய் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தான். மாமனார் சுக்கு வெந்நீரும் பெருங்காய மோரும் கொண்டுவந்தார். தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் காய்ச்சலோ வலியோ வந்தால் சுக்கை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதன்பிறகு வலி வரவில்லை. காலையில் வயிறு ஒழுங்காகப் போனால் அன்று நல்ல நாள். முக்கால்வாசி நாள் நல்ல நாளாகத்தான் இருந்தது. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

சிவசண்முகத்துக்கு அப்படித் தோன்றவில்லை. பார்த்துப் பொங்கிப் போட வீட்டில் ஒருத்தி இருந்தால் அந்தக் குடல்பை வந்திருக்குமா என்பது அவர் கேள்வி. அதனால்தான் சிவசைலம் இன்று ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். 'என் வயித்த நானே பாத்துக்கிடுதேன், அதுக்கு ஒருத்தியக் கட்ட வேண்டாம்.' சொல்லிவிட்டால் முடிந்தது. மாமனார் இனி எந்த வீட்டு வாசலிலும் போய் நிற்கமாட்டார். அதோடு தன் வீட்டு வாசலுக்கும் வராமல் போய்விடுவாரோ என்பதுதான் பயம். அவரைத் தவிர அவனுக்கு வேறு யாரும் இல்லை.

கல்லிடைக்குறிச்சியில் கால்வாயை ஒட்டிய தெருவில் வீடு. பெண்ணின் அப்பா பரமசிவன் அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருந்தவர். வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். கூடத்தில் மேசைமேல் வாழையிலை போட்டு மூடிய தட்டுகள் வரிசையாக இருந்தன. இலைக்கு அடியிலிருந்து கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் மணந்தன. முடிவு தெரிந்த பிறகுதான் இலை விலகும். எல்லாரும் அந்த மேசையைப் பார்க்காமல் பேசினார்கள்.

விஜயஸ்ரீ தட்டு ஏந்தி வரவில்லை. நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்பாசமுத்திரத்தில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். முதல் கல்யாணம் கோர்ட்டில் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது.

"மாப்பிள்ளைக்கு வயித்துல என்னமோன்னு…" என்று பரமசிவன் இழுத்தார்.

"அதெல்லாம் சரியாப் போச்சு அண்ணாச்சி" என்றார் சிவசண்முகம். "காரம், எண்ணெ, ஓட்டல் சாப்பாடு கெடையாது. பத்தியம் பாத்துப் பொங்கிப் போட ஒரு ஆளு மட்டும் இருந்தா, மாப்ள நூறு வருஷம் இருப்பாரு."

விஜயஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, நான் அவங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

பின்வாசலில் ஒரு முருங்கையும் துவைகல்லும் இருந்தன. சிவசைலம் அங்கே போய் நின்ற பிறகுதான் கையில் பை இருப்பதைக் கவனித்தான். வேலைக்குப் போகிற பழக்கம், காரிலிருந்து இறங்கும்போதே கை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"பொங்கிப் போட ஆளுன்னா சம்பளத்துக்கு வச்சுக்கிடலாம்லா?" என்றாள் அவள். "அதுக்கு எதுக்குக் கல்யாணம்? நான் ஏற்கெனவே ஒரு வீட்டுல ஆறு வருஷம் பொங்கிப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

அவன் தயார் பண்ணி வைத்திருந்ததைக் கிட்டத்தட்ட அவளே சொல்லிவிட்டாள். அவனுக்கு வேறு வாக்கியம் கைவசம் இல்லை.

"நானும் அதச் சொல்லத்தான் வந்தேன்."

"எத?"

"பொங்கிப் போட ஆளு வேண்டாம். நானே பொங்குதேன்."

"எல்லா ஆம்பளையும் சொல்லுததுதான். கேட்டா ரெண்டு முட்டைய அவிப்பாங்க."

அவன் பையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். அவள் புரியாமல் பார்த்தாள்.

"என்னது?"

"என் சாப்பாடு. இன்னும் சாப்பிடல."

அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடங்கவில்லை. "பொண்ணு பாக்க வரையில கட்டுச்சோறா! எங்க அம்மைக்குத் தெரிஞ்சா விழுந்திருவா. தொறங்க, பாப்போம்."

அவன் துவைகல்மேல் தூக்குச்சட்டியை வைத்துத் திறந்தான். கூட்டாஞ்சோறு. சிவப்பரிசியும் துவரம்பருப்பும், அவரைக்காய், கத்திரிக்காய், மேலே முருங்கைக்கீரை. அவள் குனிந்து மணம் பிடித்தாள். பரீட்சைத் தாளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"அவரைக்காய்க்கு நார் உரிச்சிருக்கியளா?"

"உரிச்சேன்."

"கீரைய எப்பப் போட்டீங்க?"

"எறக்குததுக்குக் கொஞ்சம் முன்னால."

அதன்பிறகு அவள் செய்ததை அவன் எதிர்பார்க்கவில்லை. வலது கையால் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றாள். நிதானமாக மென்றாள். பிறகு இன்னொரு கவளம்.

"நல்லாத்தான் வெந்திருக்கு. ஆனா உப்பே போடலயே."

"போடலயா?"

"உங்களுக்குத் தெரியலயா? எத்தன நாளா இப்படித் திங்கிய?"

அவன் யோசித்துப் பார்த்தான். தெரியவில்லை. டாக்டர் உப்பை நிறுத்தச் சொல்லவில்லை. உப்பு டப்பாவை எங்கே வைத்தான் என்றுகூட நினைவில்லை.

காப்பி டம்ளர்களோடு வந்த பாலம்மாள் பின்வாசல் நடையில் அப்படியே நின்றாள். மகளின் வாய் அசைந்துகொண்டிருந்தது. விரல்களில் பருக்கை.

"ஏட்டி! யாரு வீட்டுச் சோறுட்டி அது?"

"அவங்க வீட்டுது."

"பாவி, கை நனைச்சிட்டியே! இன்னும் ஒண்ணும் பேசி முடியலயேட்டி!"

"பள்ளிக்கூடத்துல இன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ்மா. நானும் சாப்பிடல." முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கொஞ்சம் உப்பு கொண்டாங்க."

"உப்பு வேற கேக்குதா" என்று பாலம்மாள் கூடத்துக்கு ஓடினாள். விஜயஸ்ரீயே போய் உப்பு எடுத்து வந்து தூவிக் கிளறி, சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் ஒரு வாய் தின்றான். அதே சோறுதான். ஆனால் வாயில் எச்சில் ஊறியது. அவரைக்காய் தனியாகத் தெரிந்தது. கீரை தனியாகத் தெரிந்தது. இரண்டாம் வாய்க்கு அவன் கை தானாகப் போயிற்று.

"சும்மா கேக்கேன்" என்றாள் அவள். "என்னைக்காவது எனக்கும் சேத்துப் பொங்குவியளா?"

"நாலு பேருக்குப் பொங்குத சட்டி வீட்டுல கெடக்கு" என்றான். அவனைப் பொறுத்தவரை அது நீளமான பேச்சு.

கூடத்துக்குள் அவர்கள் திரும்பியபோது வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை வீட்டார் நம்ம வீட்டுல கை நனைச்சா சம்மதம். சரி" என்றார் பரமசிவன். "பொண்ணு, மாப்பிள்ளை கொண்டாந்த சோத்துல, அதுவும் தன் வீட்டுப் பொறவாசல்ல வச்சுக் கை நனைச்சா என்ன கணக்கு? எங்க தாத்தா காலத்துலயும் இப்படி ஒண்ணு நடக்கலயேவே."

"யாருமே கேள்விப்படாத அசிங்கம்" என்றாள் பாலம்மாள். ஆனால் அவள் கை மேசையிலிருந்த இலையின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

"ஏளா, உனக்கு இஷ்டமா?" என்று பரமசிவன் மகளைக் கேட்டார்.

"அதான் சாப்பிட்டேனே."

"மாப்பிள்ளைக்கு?"

சிவசைலம் மாமனாரைப் பார்த்தான். "மாமா சொல்லட்டும்."

எல்லாரும் சிவசண்முகத்தின் பக்கம் திரும்பினார்கள். ஒரு வருஷமாக ஊர் ஊராக அலைந்து இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் பாடுபட்டார். இப்போது அது அவர் கைக்கே வந்துவிட்டது. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை இல்லாத முகம். ஜன்னலுக்கு வெளியே கால்வாயைப் பார்த்தார். 'இப்போ தண்ணி எவ்வளவு விடுதாங்க மாப்ள' என்று கேட்பார் போலிருந்தது.

"எனக்கு ஒரு தட்டு குடும்மா" என்றார்.

பாலம்மாள் இலையை விலக்கினாள். விஜயஸ்ரீ தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். பரமசிவன் சத்தமாக ஏதோ சொல்லிச் சிரித்தார். பஜ்ஜி கைமாறியது, காப்பி ஆறிப்போய்விட்டதென்று பாலம்மாள் உள்ளே ஓடினாள். சிவசண்முகம் கேசரியில் விரல் வைத்தார். தின்னவில்லை. அதிலிருந்த முந்திரிப் பருப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் அப்படித்தான் செய்வார். பக்கத்து இலையிலிருந்து சுப்ரஜாவின் கை வந்து அதை வழித்துக்கொண்டு போகும்.

ஐந்து பருப்பு சேர்ந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சிவசைலம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டான்.

"மாப்ள, கொட்டை கிட்டை ஆகாதுல்லா உங்களுக்கு?"

"அது பழைய பேச்சு மாமா. நல்லா மென்னு தின்னாப் போதும்னு டாக்டரே சொல்லிட்டாரு."

அவர் கொஞ்ச நேரம் அவன் தாடை அசைவதையே பார்த்தார். பிறகு தட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்துவிட்டு, கேசரிக்குள் இன்னும் ஏதாவது கிடக்கிறதா என்று விரலால் துழாவ ஆரம்பித்தார்.