மறதிக் கஞ்சி ஒரு கரண்டி

ஒரு சீனத் தொடரை முப்பது பாகத்துக்கு மேல் பார்த்தவர்கள் நிறைகுறைப் பதிவு அலுவலகத்துக்குப் போய் அதன் நிறைகளையும் குறைகளையும் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வீட்டுக்குள் மூட்டம் வரும். ஈரோட்டில் அமராவதியின் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை வந்தது. தேவலோகக் காட்சிகளில் பாதங்கள் மறையும்படி தரையில் தவழுமே, அதே வெள்ளை மூட்டம். முதல் நாள் கணுக்கால் வரை இருந்தது. வியாழக்கிழமை முழங்காலைத் தொட்டது. அவள் விளக்குமாற்றால் வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் விட்டாள். அது மரியாதையாக வெளியே போய், பால்கனி வழியாகத் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அமராவதியும் தண்டபாணியும் கிளம்பினார்கள். தண்டபாணி அவளுடைய கணவர். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். இருவரும் தினம் மதியச் சாப்பாட்டோடு ஒரு பாகம் பார்ப்பார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கக் கூடாது. பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில் அவர்கள் மீறாத ஒப்பந்தம் அது ஒன்றுதான் என்று அமராவதி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். தண்டபாணி ஒரு கல்யாணத்துக்காகக் கரூர் போயிருந்த இரண்டு நாளும் தொடரின் நாயகனான தேவபிரபு டி.வி. திரையில் ஒற்றைக் காலைத் தூக்கியபடி வானத்திலேயே நின்றார். அமராவதி அவர்மேல் படிந்த தூசியைத் துடைத்தாளே தவிர, கீழே இறக்கவில்லை.

முப்பத்தொரு பாகம் முடிந்ததும் மூட்டம் வந்துவிட்டதால் அதற்குமேல் பார்க்கவில்லை. இன்னும் ஒன்பது இருந்தன.

அலுவலகம் வெளியிலிருந்து பார்க்கச் சின்னக் கட்டடம்தான். உள்ளே நடைக்கூடம் நீண்டுகொண்டே போனது. அது ஏன் நீளுகிறது என்பதைப் புரிந்துகொள்வது எளிது. இந்த மாதிரித் தொடர்களில் மலையுச்சியிலிருந்து விழுகிற பெண் தரைக்கு வந்து சேர மூன்று நிமிடம் ஆகும். முன்னாலிருந்து ஒரு தடவை விழுவாள். பின்னாலிருந்து ஒரு தடவை. தலைமுடி மட்டும் தனியாக ஒரு தடவை. கடைசியாக, உச்சியில் நிற்கும் வில்லியின் கண் வழியாக ஒரு தடவை. மலை ஒன்றுதான், விழுவதுதான் நான்கு. நடைக்கூடமும் அதே கணக்குதான். இருபதடித் தூரத்தை இருவரும் நாலு பக்கமிருந்தும் நடந்து முடித்தார்கள்.

பதிவாளர் ஐம்பது வயது அம்மாள். அவருடைய பட்டு அங்கியின் கைகள் மேசையைத் தாண்டித் தரை வரை தொங்கின. முத்திரைக் கட்டையை எடுக்க வேண்டுமென்றால் வலது கையைப் பாய் சுருட்டுவதுபோல ஏழு சுற்றுச் சுருட்டினார். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் நிறைகளைக் கேட்டார்.

அமராவதி இதற்காகவே காத்திருந்தவள்போல ஆரம்பித்தாள். நாயகி தாமரை விதையிலிருந்து பிறந்தவள், முதல் பத்துப் பாகத்தில் யாரும் வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருக்கவே மாட்டாள், தானே சண்டை போடுவாள் என்றாள். உடைகளைப் பற்றிச் சொன்னாள். ஏழு அடுக்குத் துணி. ஒவ்வொரு அடுக்குக்கும் தனிக் காற்று. பிறகு காதலைப் பற்றிச் சொன்னாள். பதினாலாம் பாகத்தில் தேவபிரபு அவளுடைய சேலைத்தலைப்பு மாதிரியான ஒன்றின் நுனியைத் தொடுவார். அதற்கே நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஏனென்றால் அதுவரை பதின்மூன்று பாகமாக ஒருவர் நிழல்கூட இன்னொருவர்மேல் பட விட்டிருக்க மாட்டார்கள். நன்றாகப் பசிக்க விட்டுச் சோறு போடுகிற முறை அது என்று விளக்கினாள்.

குறைகள் நான்கு என்றாள். நடுவில் பன்னிரண்டு பாகம் தேநீர் மட்டுமே குடிக்கிறார்கள். டிராகன், கிணற்று மோட்டார் ஓஸ் குழாய் மாதிரி இருக்கிறது. வில்லி இரண்டு தடவை இருமினால் மூன்று உலகமும் அவளை நம்பிவிடுகிறது. நான்காவதுதான் பெரிது. உன் நல்லதுக்கு என்று சொல்லிச் சொல்லி தேவபிரபு எல்லாவற்றையும் நாயகியிடமிருந்து மறைக்கிறார். வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் அவளுக்கு நெஞ்சில் வாள் பாய்ந்திருக்காது.

பதிவாளர் நான்கையும் எழுதிக்கொண்டார். பிறகு தண்டபாணியைப் பார்த்தார்.

"முப்பத்தெட்டுல அவ ரெண்டு கண்ணையும் குடுக்கறது வேண்டாமுங்க," என்றார் தண்டபாணி. "மனசே கேக்கல."

பேனா நின்றது. அலுவலகத்துத் தரையில் ஊர்ந்துகொண்டிருந்த மூட்டமும் நின்றது.

அமராவதி முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டு வரை விரல்விட்டு எண்ணினாள். ஏழு விரல் வந்தது. மறுபடியும் எண்ணினாள். அதே ஏழுதான்.

"எத்தன பாத்தீங்க?"

தண்டபாணி பதிவாளரைப் பார்த்துப் பதில் சொன்னார். "நாப்பதும் பாத்துட்டனுங்க."

கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் நேரத்தில், செல்போனைத் தராசின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, காலை பதினோரு மணிக்குப் பார்த்ததாக ஒப்புக்கொண்டார். மதியம் வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே பார்த்து முடித்த பாகத்தையே மறுபடியும் அவளோடு பார்த்திருக்கிறார். பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ எங்க அழுவேன்னு தெரிஞ்சா பக்கத்துல இருக்கலாம்னுதான் அம்முணி. உன்ற நல்லதுக்குத்தான்."

அமராவதிக்கு அழுகை வரவில்லை. அவர் அந்த வாள் பாய்ந்த இடத்தில் ஐயோ என்று சொல்லித் தட்டைக் கீழே வைத்தது நினைவுக்கு வந்தது. தெரிந்த ஒன்றுக்கு ஒரு மனிதன் அவ்வளவு அழகாகத் திடுக்கிட முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"நாலாவது கொறைய அப்படியே வெச்சுக்கலாமுங்களா, இல்ல இவருக்குத் தனியா எழுதோணுமா?" என்று பதிவாளர் கேட்டார்.

"அதேதானுங்க," என்றாள் அமராவதி.

பதிவாளர் இழுப்பறையிலிருந்து ஒரு கிண்ணமும் கரண்டியும் எடுத்து வைத்தார். மறதிக் கஞ்சி. அது வேலை செய்யும் விதத்தைப் பொறுமையாகச் சொன்னார். ஒரு பாகத்துக்கு ஒரு கரண்டி. தண்டபாணி ஒன்பது கரண்டி குடித்தால் ஒன்பது பாகமும் மறந்துபோகும். நாளையிலிருந்து இருவரும் சரிசமமாகப் பார்க்கலாம். இல்லையென்றால் அமராவதி ஒரே ஒரு கரண்டி குடித்தால் இன்று காலை நடந்தது மறந்துபோகும். அப்போதும் இருவரும் பார்க்கலாம். எப்படியானாலும் மூட்டம் கலைந்துவிடும்.

தண்டபாணி கொஞ்சம் யோசித்தார். பிறகு கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உனக்கு ஒரு கரண்டிதான அம்முணி. எனக்குன்னா ஒம்பது."

கணக்கில் தவறு கிடையாது. அமராவதி கரண்டியைக் கையில் எடுத்தாள். அது அவள் விரல்களுக்குள் சரியாகப் பொருந்தியது. முன்பே பழகிய கரண்டியைப்போல.

"இதுக்கு முன்னால நான் இங்க வந்திருக்கறனுங்களா?"

பதிவாளர் இரண்டு கைகளையும் சுருட்டி, பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். நாலு தொடர்கள். நாலு இடத்தில் அமராவதியின் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் நேராக, 'மனைவி, ஒரு கரண்டி' என்று எழுதியிருந்தது. நாலிலும் கடைசிக் குறை, இன்றைக்கு அவள் சொன்ன அதே வார்த்தைகளில் இருந்தது.

அந்த நாலு தொடர்களின் முடிவுகளும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. நாலிலும் தண்டபாணி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, என்ன ஆகப்போகுதோ என்று கேட்டிருந்தார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"குடிக்கலைன்னு எழுதிக்குங்க."

"அதுக்குக் கட்டம் இல்லீங்களே," என்றார் பதிவாளர். "மூட்டமும் போகாது. கழுத்து வரைக்கும் வந்துரும்."

"வரட்டுங்க. ஸ்கேல் இருந்தாக் குடுங்க. கட்டம் நானே போட்டுக்கறேன்."

பதிவாளர் ஸ்கேலையும் பேனாவையும் கொடுத்தார். அமராவதி கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். பக்கம் முடிந்தது, கோடு முடியவில்லை. மேசைமேல் இழுத்தாள். எழுந்து, குனிந்து, ஸ்கேலை நகர்த்தி நகர்த்தித் தரையில் இழுத்தாள். வாசலைத் தாண்டி நடைக்கூடத்துக்கு வந்தாள். தண்டபாணி கோட்டுக்கு அந்தப் பக்கமாகவே கூட நடந்து வந்தார்.

"அம்முணி, நான் எந்தக் கட்டத்துல வர்றேன்?"

அவள் ஸ்கேலை அழுத்திப் பிடித்தாள். கோடு கோணாமல் இருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருந்தாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவர் மறுபடியும் கேட்டார். "கடைசில என்ன ஆகுதுன்னாவது சொல்லட்டுமா?"

"சொல்லாதீங்க," என்றாள் அமராவதி. ஸ்கேலை அடுத்த அடிக்கு நகர்த்தினாள்.