அவர் கையெழுத்துப் போட்ட சிவப்பு

விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் என் வீட்டுக்காரரைச் 'செவப்பு' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால். தேயிலைப் பொட்டலம், பற்பசை டப்பா, விமானத்தின் வால் என்று இவர் தொட்டதெல்லாம் ஒரே சிவப்பு. அந்தச் சிவப்பு சரியாக வருவதற்குள் அச்சகத்துக்காரர்களின் உயிரை வாங்கிவிடுவார். "தக்காளி மாதிரி இருக்குய்யா! நான் தக்காளியா கேட்டேன்?" என்று இவர் கத்துவது தெருமுனை வரை கேட்கும். அலமாரி கொள்ளாத பரிசுகள் வாங்கியிருக்கிறார். தூசி தட்டுவது நான்.

அந்த மனுஷனுக்குத்தான் கண் போயிற்று. முழுசாக இல்லை. நடுவில் ஒரு கறுப்புத் திட்டு, ஓரத்தில் மட்டும் ஏதோ மங்கலாகத் தெரியும். நிறம் என்பதே கிடையாது, எல்லாம் சேற்று நிறம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்த அன்று, வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்துக் கைகூப்பாத குறையாகச் சொன்னார். "ஆபீஸ்ல மூச்சு விட்டுடாத. தெரிஞ்சா எனக்கு ஒரு மாலையைப் போட்டு ஓரமா உட்கார வெச்சுடுவாங்க."

நான் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு யாராவது வேலையைக் கொண்டுவந்து காட்டினால் நானும் பக்கத்தில் போய் நிற்பேன். "அட, அடர் நீலமா இருக்கே" என்று சும்மா சொல்வதுபோல் சொல்வேன். "உன்னை யார் கேட்டா?" என்று இவர் எரிந்து விழுவார். வந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். இப்படியே வண்டி ஓடியது.

அப்போதுதான் தொழில்காரர்களின் சங்கம் இவருக்கு வாழ்நாள் விருது என்று அறிவித்தது. கூடவே இவருடைய வேலைகள் எல்லாவற்றையும் வைத்து ஒரு கண்காட்சி. அதற்கான சுவரொட்டியை நானே செய்கிறேன் என்று கிளம்பிவிட்டார் மனுஷன்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?"

"இதுதான் கடைசி. இது ஒண்ணு என் கையால நல்லபடியா வந்துட்டாப் போதும். அப்புறம் நீ சொல்ற இடத்துல உட்கார்றேன்."

தாள் முழுக்க அவருடைய சிவப்பு, மூலையில் குண்டூசித் தலை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான் யோசனை. குட்டியிடம் போனிலேயே சொல்லிவிட்டார். குட்டி இவரிடம் தொழில் பழகியவன். தலையெல்லாம் வழுக்கையாகி, இன்றைக்கு அந்த ஆபீசுக்கே தலைவன். இவருக்கு இன்னும் குட்டிதான்.

குட்டி ஆட்களோடு அச்சு மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கென்று என் கடைவாய்ப்பல் உயிரை எடுத்தது. "நீ போய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வா, நான் பார்த்துக்கறேன்" என்றார். கன்னம் வீங்கித் திரும்பி வந்தபோது சோபாவில் சிரித்த முகமாகச் சாய்ந்திருந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டேன். எல்லாரும் அசந்து போயிட்டாங்க. குட்டிக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"நிறம்?" என்றேன். மரத்த வாயில் அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"குட்டி இருக்கான்ல? தப்பா இருந்தா சொல்லமாட்டானா?"

நானும் அப்படித்தான் நம்பினேன்.

விழா பிற்பகலில். கார் அரங்கத் தெருவுக்குள் திரும்பியதும் விளக்குக் கம்பங்களில் வரிசையாகச் சுவரொட்டிகள் தொங்கின. பச்சை. எல்லாமே பச்சை. வேறு யாருடைய விழாவோ என்றுகூட நினைத்தேன். மூலையில் அந்த வெள்ளைப் புள்ளி இருந்தது, இவருடையதேதான்.

"மாட்டிட்டாங்களா? எப்படி இருக்கு?" பரீட்சை முடிவு கேட்கும் பிள்ளைபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"நிறைய மாட்டியிருக்காங்க" என்றேன்.

உள்ளே போனதும் குட்டியைத் தூணோரம் இழுத்துக்கொண்டு போனேன். "என்னடா இது கண்றாவி?"

"ஏன் அண்ணி? கம்ப்யூட்டர்ல சிவப்பாத்தான் இருந்துச்சு. அச்சகத்துல மையை மாத்திப் போட்டுட்டாங்க போல, மாதிரி பச்சையா வந்துச்சு. அண்ணன் ரொம்ப நேரம் உத்துப் பார்த்தார். கையெழுத்தும் போட்டுட்டார். கடைசி நிமிஷத்துல மனசு மாத்திட்டார்னு நினைச்சோம்."

"ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"அண்ணன் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறமா? யாரு வாங்கிக் கட்டிக்கறது? ஆனா பிரமாதமா இருக்கு அண்ணி. சத்தியமா."

அவனை அறையலாம் போல வந்தது. உண்மையைச் சொன்னால் இவருக்குக் கண் தெரியாததும் வெளியே வந்துவிடும். இவரிடமாவது சொல்லிவிடுவோம் என்று ஓடினேன். "ஏங்க, அந்தச் சுவரொட்டி..." என்று ஆரம்பிப்பதற்குள், "தெரியும், எல்லாரும் கையைப் பிடிச்சு பிரமாதம்னு சொல்லிட்டாங்க" என்று சிரித்தார். இரண்டு பேர் வந்து மேடைக்கு அழைத்துப் போனார்கள்.

சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "தன் சிவப்பையே தூக்கி எறிஞ்சுட்டு, ஊர் பூரா பச்சையைத் தொங்கவிட இவரைத் தவிர எவனுக்குத் தைரியம் வரும்?" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

மேடையில் இவர் கை நாற்காலியின் பிடியை இறுக்குவதைப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த பக்கமாகத் தலையைத் திருப்பினார். பிறகு எழுந்து பேசினார்.

"சிவப்பு எனக்குச் சோறு போட்டுச்சு. ஆனா ஒருத்தன் காலம் பூரா ஒரே நிறத்தைக் கட்டிக்கிட்டு அழுதா அது வேலை இல்ல, பழக்கம். அதான் போறதுக்கு முன்னாடி பச்சை."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விற்காத சோப்பை விற்பதற்கு இவர் வைத்திருந்த குரல் அது.

திரும்பும்போது காரில் கேட்டார்.

"முழுசாவா பச்சை?"

"முழுசாத்தாங்க."

"குட்டி பார்க்கலியா?"

"பார்த்தான். நீங்க மாத்திட்டீங்கன்னு நினைச்சானாம்."

"கண்ணு கலங்கினானே" என்றார். பிறகு மெதுவாக, "எந்த வருஷத்துலேர்ந்து?" என்று கேட்டார்.

"எதுங்க?"

"நான் எதைக் காட்டினாலும் பிரமாதம்னு சொல்றது. எனக்குக் கண்ணு நல்லா இருந்தப்பவேவா?"

வேண்டுமானால் குட்டியைக் கேட்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். குட்டி என்ன சொல்வான் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.