கானுக்கு ஒரு வணக்கம்

மேடைக்குப் பின்னால் கெனெசரி கானின் படம் கூரை வரை நின்றது. கசாக் நாட்டுத் தாராஸ் நகரத்து அரங்கில் பாட்டுப் போட்டி என்றால், வெளியூர்ப் பாடகர் முதலில் அந்த மண்ணின் பெரிய மனிதருக்கு வணக்கம் பாட வேண்டும். பிறகுதான் எதிராளியோடு மோதல்.

குல்சைரா மலைக்கு அப்பால், கிர்கிஸ் பக்கத்திலிருந்து வந்தவள். கசாக்குகளின் புத்தகங்களில் கான் ரஷ்ய ஜாருக்கு அடிபணியாத கடைசி வேந்தர். அவள் பக்கத்துப் பாட்டுகளில், கிர்கிஸ்களின் சூய் பள்ளத்தாக்கை எரித்தவர்.

"ரெண்டு வரி புகழ்ந்துட்டுப் போயிரும்மா. ஏடாகூடமாப் பாடுன, இறுதிச் சுற்றும் கிடையாது, அடுத்த வருசம் அழைப்பும் கிடையாது" என்றார் அமைப்பாளர் ஒராஸ்பை.

"வணக்கம்தானே? வச்சிடுறேன் அண்ணே."

மேடையேறியவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, படத்தை அண்ணாந்து பார்த்தாள். கொமூஸின் மூன்று தந்திகளும் அதிர்ந்தன.

"வணக்கம் கானே, உங்க வீட்டுல நிக்கிறேன்,
விருந்தாளி மொறைக்கு வணங்கி வைக்கிறேன்.
எங்க வீட்டுக்கு நீங்க வந்த அன்னிக்கு
வாசல்ல கூப்பிடல, கூடாரத்தைக் கொளுத்துனீங்க."

அரங்கு கொதித்தது. "எறக்குங்கடா அவளை!" என்று ஒரு குரல், "பாடட்டும்யா, எர்மேக் வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று இன்னொன்று.

எதிரே உட்கார்ந்திருந்த எதிராளி, கசாக் பாடகன் எர்மேக் சிரித்தான். தன் இரண்டு தந்தித் தோம்ப்ராவை மடியில் ஏற்றினான்.

"கூடாரம் எரிஞ்ச கதை தெரியும் தங்கச்சி,
தலை போன கதையை ஏன் விட்டுட்ட?
கையில சிக்குன கானோட தலையை வெட்டி
யாருக்குக் காணிக்கை குடுத்தீங்க?"

கைதட்டல் இடியாக விழுந்தது. தந்தி ஓய்வதற்குள் பதில் வராவிட்டால் தோல்வி. அவள் ஊரில் அந்தத் தலையை யாரும் பாடுவதில்லை; பாடினால் வீட்டுக் கதவு சாத்தப்படும். குல்சைரா இப்போது கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஜார் ஆளுக்குக் குடுத்தோம், ஒளிக்கல அண்ணே,
எங்க ஊர் பாடாததை நான் பாடுறேன்.
எரிச்சவரும் அவருதான், எதுத்து நின்னவரும் அவருதான்,
பாதி மனுசனுக்கு நான் வணக்கம்—"

ஒலிவாங்கி செத்தது. ஓரத்தில் ஒராஸ்பை, கையில் பிடுங்கிய கம்பியோடு நின்றார். நடுவர்கள் அவள் பெயர் எழுதிய அட்டையைக் கவிழ்த்து வைத்தார்கள்.

அவள் மேடை விளிம்புக்கு வந்து வெறும் தொண்டையில் தொடர்ந்தாள். கொமூஸின் சத்தம் முதல் வரிசையைத் தாண்டவில்லை.

எர்மேக் தன் ஒலிவாங்கியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். வெற்றிச் சால்வையோடு வந்தவரைக் கையமர்த்தி நிறுத்தினான்.

"நீ பாடுறதுல பாதி எனக்கு ஒத்துக்காது" என்றபடி ஒலிவாங்கியை அவள் வாய்க்கு நேரே நீட்டினான். "முழுசாக் கேட்டாத்தானே கிழிக்க முடியும்? ம்... குரலை ஏத்து."

"காதைத் தீட்டி வச்சுக்கங்க" என்றாள் குல்சைரா, தந்தியை மீண்டும் முறுக்கியபடி.