சுண்ணாம்புக்கு அடியில் போன கோடு

என் வீட்டுக்காரர் கொத்தனார். தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். சுவர் மட்டமாக வருகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, உள்ளே ஒரு குமிழி ஓடும் கட்டை, அதுதான். சாப்பாட்டுத் தட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அடியில் ஒரு சில்லைச் செருகி நிமிர்த்திவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். நான் அவருக்குச் சித்தாள். பத்தொன்பது வருடமாக அவருக்குச் சாந்துச் சட்டி சுமக்கிறேன். நடுவில் கல்யாணமும் ஆனது.

ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தது ஒரு காலை நேரத்தில். மார்பளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்தபோது எல்லா வீட்டுச் சுவரிலும், உள்ளேயும் வெளியேயும், மார்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோட்டை விட்டுப் போனது. இவர் அந்தக் கோட்டையே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். "பாத்தியா, கொஞ்சம்கூட மட்டம் தப்பல" என்றார். பாத்திரம் பண்டமெல்லாம் ஆற்றோடு போயிருக்கிறது, இந்த மனுஷன் தண்ணீருக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறார்.

தெருவில் மற்றவர்கள் பள்ளிக்கூட முகாமுக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போய்விட்டார்கள். நாங்களும் பக்கத்து வீட்டு இஸ்திரிக்கார அக்காவும்தான் போகவில்லை. அக்காவுக்குப் புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். தெருவில் கடைசி வீடு அவளுடையது. அதற்கு அப்புறம் ஆறுதான். பின்பக்கச் சுவர் மொத்தமாக விழுந்து, கரையும் அரித்துப்போய், வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே எட்டடி மண் மிச்சமிருந்தது. அடுத்த வெள்ளத்தில் அந்த எட்டடியும் போகும் என்று சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆறாம் நாள் சுகாதாரத் துறை வண்டி ஒலிபெருக்கியோடு வந்தது. வீடுகளை உடனே சுத்தம் செய்து சுண்ணாம்பு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நோய் பரவும் என்று அலறிவிட்டு, வாசலுக்கு வாசல் ஒரு சுண்ணாம்பு மூட்டையை இறக்கிவிட்டுப் போனது. ஆள் இல்லாத வீடுகளில் அந்த மூட்டைகள் மழையில் நனைந்து கட்டிதட்டிப் போயின. பிரித்தது எங்கள் மூட்டையும் அக்கா மூட்டையும் மட்டும்தான்.

ஒரு சோம்பேறிக் கொத்தனாராக இருந்திருந்தால் சேற்றின் மேலேயே இரண்டு கை இழுத்துவிட்டுப் போயிருப்பான். பத்தே நாளில் அந்தக் கோடு தானாக எட்டிப் பார்த்திருக்கும். இவர் அப்படிச் செய்வாரா? சுவரைச் சுரண்டினார், கழுவினார், பெயர்ந்த இடத்துக்கெல்லாம் பூச்சு வைத்தார், காயவிட்டு மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தார். எங்கள் வீடு முடிந்ததும் அக்கா வீடு. விழுந்த செங்கலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவி, பரண்மேல் இருந்ததால் தப்பித்த எங்கள் இரண்டு மூட்டை சிமெண்டையும் போட்டு, அவளுடைய பின்சுவரை எழுப்பினார். சாந்து சுமந்தது நான். அக்கா தன் கரி இஸ்திரிப் பெட்டியை வைத்திருந்த மூலையில் உட்கார்ந்துகொண்டு, "நீ நல்லா இருப்பே தம்பி, நல்லா இருப்பே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் கணக்கெடுப்புக்கு வந்தார்கள். ஓர் அதிகாரி, கூடவே சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள். வாழத் தகுதியில்லாத வீட்டுச் சுவரில் சிவப்பில் பெருக்கல் குறி போடுவார்கள். அந்தக் குறி விழுந்தால் மேட்டுப் பகுதியில் அரசாங்கம் கட்டப்போகும் காலனியில் ஒரு வீடு. தெருவில் ஒன்பது வீட்டுக்குக் குறி விழுந்தது. முகாமிலிருந்து ஓடிவந்த ஜனங்கள் சேற்றுக்குள் நின்றபடி சிரித்தார்கள். எங்கள் வாசலுக்கு வந்ததும் அதிகாரி முகம் சுளித்தார். வெள்ளைவெளேரென்று இருந்தது வீடு.

"இங்க தண்ணி வரலையா?"

"வந்துச்சு சார். இது வரைக்கும்." நான் மார்பில் கை வைத்துக் காட்டினேன்.

"அப்ப கோடு எங்க?"

"சுண்ணாம்பு அடிச்சிட்டோம்."

"யாரு உங்கள அடிக்கச் சொன்னது?"

"கவர்மெண்டுதான் சார். மூட்டைகூட குடுத்தாங்களே."

"அது சுகாதாரத் துறை. நாங்க வேற துறை" என்றார். தன் கையில் இருந்த டேப்லெட்டில் எங்கள் வீட்டைப் படம் எடுத்தார். பிறகு அக்கா வீட்டை, அந்தப் புதுச் சுவரோடு சேர்த்து. இரண்டுக்கும் சேதமில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான் கத்தியை எடுத்துச் சுவரைச் சுரண்டிப் பார்த்தேன். சுண்ணாம்பு வந்தது, அதற்கு அடியில் பூச்சு வந்தது, அதற்கு அடியில் செங்கல் வந்தது. கோடு வரவில்லை. இவர் வேலையில் ஒரு குறை கண்டுபிடிக்க வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்பட்டேன், அதுவும் நடக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா எங்களோடு பேசுவதை விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழாயடியில் நான் குடத்தை வைத்தால் அவள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். முகாமிலிருந்து திரும்பி வந்திருந்த தெருவும் சும்மா இருக்கவில்லை. "ஒனக்கு ரொம்ப வேண்டியவன் கட்டிக் குடுத்த சுவருல்ல, கட்டிப் புடிச்சுக்க" என்று யாரோ அவளிடம் சொன்னார்களாம். இவர் காதிலும் அது விழுந்தது. மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டு சாய்ந்திருந்ததையும் கவனிக்கவில்லை.

மனு எழுதிக்கொண்டு நாங்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். அக்கா ஒரு வரிசையிலும் நாங்கள் ஒரு வரிசையிலும் தனித்தனியாக நின்றோம். நாலாவது தடவை மறு ஆய்வு என்று தேதி போட்டுக் கொடுத்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அம்மா நல்ல மனுஷி. சீல் குத்திக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "சுவர் நல்லா நின்னா எந்த ஆபீசரும் எதுவும் எழுத மாட்டாரும்மா. புரியுதா?" என்றாள்.

புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன்.

"அக்கா வீட்டுச் சுவர இடிச்சிடறேன்" என்றார்.

"நம்ம வீட்ட?"

"ரெண்டையும் இடிச்சா மாட்டிக்குவோம். நமக்கு அஸ்திவாரம் கெட்டி. அக்காவுக்குப் பின்னாடி கரையே இல்ல."

"நமக்கு மட்டும் ஆறு வேற பக்கம் ஓடுதா? ஒரு தடவையாவது நம்ம வீட்ட முதல்ல நெனைக்கக் கூடாதா நீங்க?"

நான் கத்தினேன், அழுதேன், பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். கடைசியில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனதும் நான்தான்.

கடப்பாரை போட்டால் தடம் தெரியும் என்று அவர் அதைத் தொடவே இல்லை. தண்ணீர் எப்படித் தள்ளுமோ அப்படித்தான் தள்ள வேண்டும் என்றார். அடிமண்ணைத் தோண்டி எடுத்தோம். ஆற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக நான் ஊற்றினேன். அவர் தோளைக் கொடுத்து முட்டினார். சுவர் அசையவில்லை. அக்கா தன் பெண்கள் இரண்டு பேரையும் அணைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். முழுசாக மூன்று மணி நேரம். இவர் தோளில் தோல் உரிந்து சட்டையில் ஒட்டிக்கொண்டது. சுவர் விழுந்தபோதும் உதிரவில்லை, ஒரே பாளமாகப் போய்ச் சேற்றில் படுத்தது. இவர் அதன்மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்க் கை கழுவினார்.

புதன்கிழமை அதே அதிகாரி, அதே பெயிண்ட் டப்பா. எங்கள் வீட்டை வாசலில் நின்றே பார்த்து, "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மனு?" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குள் போனார். தெருவே பின்னால் போனது. டேப்லெட்டில் பழைய படத்தை எடுத்து, விழுந்த சுவரோடு வைத்துப் பார்த்தார்.

"அன்னைக்கு நின்ன சுவர் இன்னைக்கு எப்படிம்மா விழுந்துச்சு? நடுவுல மழைகூட இல்லையே."

அக்கா பிள்ளைகள் இரண்டு பேரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பொய்ச் சேதம் காட்டுனா என்ன ஆகும் தெரியுமா? எந்த நிவாரணமும் கெடையாது. ரேஷன்லேர்ந்து பேரு போயிடும். யாராவது இடிச்சாங்களா?"

சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். அக்கா இவரைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"யாரும் இடிக்கல சார். தானா விழுந்துச்சு. நான் கட்டின சுவர்தான் அது."

"நீ கொத்தனாரா?"

"ஆமா சார்."

"கொத்தனார் கட்டின சுவர் ரெண்டே மாசத்துல விழுமா?"

"சாந்து சரியில்ல சார். சிமெண்ட் போடல. மண்ண வெச்சுப் பூசி மேல சுண்ணாம்ப அடிச்சிட்டேன். அக்காவுக்கு அது தெரியாது."

எங்கள் பரணிலிருந்து அந்த இரண்டு மூட்டையையும் முதுகில் இறக்கியவள் நான். வாயைத் திறந்திருப்பேன். அவர் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அதிகாரிக்கு ஆள் கிடைத்துவிட்டது. இப்படிப்பட்ட ஆட்களால்தான் ஜனங்கள் சாகிறார்கள், இந்தச் சுவர் பிள்ளைகள் தலையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், உனக்கு மனசாட்சி இருக்கிறதா என்று தெரு நடுவில் வைத்து விளாசினார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பத்தொன்பது வருடத்தில் ஒரு மேஸ்திரிகூட இவரை அப்படிப் பேசியதில்லை. பேச இவர் இடம் கொடுத்ததில்லை. அதிகாரி இவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, "காலனி வேலைக்கு இந்த ஆள எடுக்கக் கூடாதுன்னு கான்ட்ராக்டர்கிட்டச் சொல்லிடு" என்று டப்பாக்காரனிடம் சொன்னார். பிறகு அக்கா வீட்டு முன்சுவரில் சிவப்புக் குறி விழுந்தது. டப்பாக்காரன் போட்ட குறி கோணல். இவர் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

காலனியைத் தவிர ஊரில் வேறு கட்டட வேலை கிடையாது. ரசமட்டம் கட்டிய சுவர் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை என்ற செய்தி இவருக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போய்விட்டது. கேலி செய்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சுவர் மூன்று மணி நேரம் விழாமல் நின்றதைத் தங்கள் கொல்லையிலிருந்து பார்த்தவர்கள். அவர்களாவது வாயைத் திறப்பார்கள் என்று நினைத்தேன். திறந்தால் அக்கா வீடு போகும் என்று நல்ல காரணம் ஒன்று எல்லோருக்கும் கைவசம் இருந்தது.

அக்கா ஒரு நாள் வந்தாள். இவருடைய வேலைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போனாள். துவைத்து, தோளில் கிழிந்ததைத் தைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து கொடுத்தாள். "வேலைச் சட்டைக்கு எதுக்குக்கா இஸ்திரி?" என்று இவர் சிரித்தார். அவளால் நிற்க முடியவில்லை, போய்விட்டாள். சட்டை இன்னும் அதே மடிப்போடு ஆணியில் தொங்குகிறது. போட்டுக்கொண்டு போக இடமில்லை.

சித்தாளை யாரும் பெயர் எழுதித் தள்ளிவைக்கவில்லை. நான் காலனிக்குச் சாந்து சுமக்கப் போகிறேன். இந்த வாரம் கட்டுகிற வரிசையில் மூன்றாவது வீடு அக்காவுக்கு. கலவையில் மண்ணுதான் அதிகம். விரலால் தேய்த்தால் உதிர்கிறது. கொத்தனார்கள் ஒரு நாளைக்கு ஒரு சுவர் என்று ஓட்டுகிறார்கள். நான் ஒருமுறை சூப்பர்வைசரிடம் சொன்னேன். "நீ என்ன இன்ஜினியரா? போய்ச் சட்டியத் தூக்கு" என்றார். தூக்கினேன். எனக்கு அந்தக் கூலி வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவர் அந்த வெள்ளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அதில் இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. நான் கால் கழுவி முடிக்கும்வரை காத்திருந்து, தினமும் ஒன்றையேதான் கேட்பார்.

"அக்கா வீட்டுச் சுவர் எப்படி வருது?"

"நல்லா வருது."

"தூக்குக்குண்டு தொங்கவிட்டுச் சுவர் நேரா நிக்குதான்னு பாக்குறாங்களா?"

"பாக்குறாங்க" என்பேன்.

அந்த வேலையிடத்தில் தூக்குக்குண்டே கிடையாது.