ஓரப் பார்வை

செங்கம் ரோட்டுக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள் ஜெயமதி. பள்ளி வேன் ஓட்டும் ஏகாம்பரம், பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டுமென்று மதியம் வந்தார். எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் வாசித்தார்.

“வேற எதனா தொந்தரவு இருக்குங்களா?”

“ஒண்ணும் இல்லம்மா. பைக்குக்காரனுங்கதான் இப்ப ஜாஸ்தி குறுக்க வர்றானுங்க. எங்கிருந்து வர்றானுங்கன்னே தெரியல.”

ஜெயமதி பேனாவைக் கீழே வைத்தாள். ஒரு கண்ணை மூடித் தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து விரலை அசைத்தபடி மெல்ல உள்ளே கொண்டுவந்தாள். விரல் முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் “தெரியுது” என்றார். மற்ற கண்ணும் அப்படியே. கருவியில் பார்த்தபோது கண்ணின் அழுத்தம் மிக அதிகமாக இருந்தது.

“அண்ணா, ஓரப் பார்வை போயிட்டிருக்கு. போனது திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்த இன்னிக்கே கண் டாக்டரப் பாக்கணும். வண்டி எடுக்காதீங்க.”

“கடைசி வரி வரைக்கும் படிச்சேனேம்மா!”

“நேரா இருக்கறது மட்டுந்தான் உங்களுக்குத் தெரியுது.”

ஏகாம்பரம் வேன் சாவியை மேசைமேல் வைத்தார்.

“காலையில பசங்கள இறக்கிட்டு வரும்போது, வேங்கிக்கால் திருப்பத்துல எதையோ தட்டுன மாதிரி இருந்துச்சு. நாய்னு நெனச்சு நிக்காம வந்துட்டேன்.”

பள்ளிக்கு வேறு ஓட்டுநரை அனுப்பச் சொல்லிப் போன் செய்துவிட்டு, ஜெயமதி அவரோடு வேனருகே போனாள். இடப்பக்கம் பம்பர் நசுங்கியிருந்தது. அதில் பச்சைச் சேலைத் துணி கிழிந்து தொங்கியது.

ஏகாம்பரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

“போலீசுக்கு நீயே போன் பண்ணும்மா” என்றார்.