வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

என் தம்பி கனிசியஸ் கப்பலில் வேலை பார்த்தவன். அறுபத்திரண்டில் விடுமுறைக்குக் குருநகர் வந்தபோது, ஹம்பேர்க்கில் பழசாக வாங்கிய ஒரு கமராவை எனக்கென்று கொண்டுவந்தான். கூடவே இரண்டு லென்ஸ்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முதல் றோலை முழுக்க என் வகுப்புப் பிள்ளைகளிலேயே முடித்தேன். கழுவி வந்தபோது, ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் நின்ற பிள்ளைகளைக் காணவில்லை.

கனிசியஸ் சிரித்தான். "அக்கா, பாக்கிற கண்ணாடிக்குள்ளை ஒரு வெள்ளைக் கோடு தெரியுதெல்லே? அதுக்குள்ளை நிக்கிறவைதான் படத்திலை வருவினம். வெளியிலை நிக்கிறவை உன்ரை கண்ணுக்கு மட்டுந்தான். அகண்ட லென்ஸைப் போட்டியெண்டால் கோடும் அகண்டுபோம்."

அடுத்த வருசம் தங்கச்சி யசிந்தாவுக்குக் கலியாணம். பூசை முடிந்து எல்லோரும் கோவில் வளவில் கூடி நின்றார்கள். கடல்காற்று அவள் தலையில் போட்டிருந்த வெள்ளை நெட் துணியை இழுத்துக்கொண்டே இருந்தது. அம்மா லூர்த்தம்மா அதைப் பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்துபோனாள். பொம்பிளை, மாப்பிள்ளை, ஐயா, அம்மா என்று வரிசைப்படுத்திவிட்டுக் கமராவைக் கண்ணில் வைத்தேன்.

கோட்டுக்கு வெளியே, இடப்பக்கத்து வேம்பின் கீழ், ஐயாவின் தம்பி செபநாயகம் சித்தப்பா நின்றார். புதுச் சேட்டுப் போட்டிருந்தார். நெஞ்சுக்கு நேரே கை கட்டியிருந்தார்.

ஐயாவும் சித்தப்பாவும் கதைத்து ஒன்பது வருசம். தங்கள் தகப்பனாரின் வள்ளம் யாருக்கென்று தொடங்கிய சண்டை. கலியாணத்துக்குச் சொல்லவும் இல்லை. அவராகத்தான் வந்திருந்தார். வரிசைக்குக் கூப்பிட்டால் ஐயா விலகிப் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். பின்னுக்குப் போய் எடுக்கலாமென்றால் முதுகில் மதில் முட்டியது.

லென்ஸைக் கழற்றினேன்.

"என்ன பிள்ளை மினக்கெடுறாய்?" என்றார் ஐயா.

"எல்லாரும் வரவேணும் ஐயா."

அகண்ட லென்ஸைப் பூட்டியதும் கோடு விரிந்தது. வேம்பும் சித்தப்பாவும் உள்ளே வந்துவிட்டார்கள். அழுத்தினேன். படத்தில் தான் விழுந்தது சித்தப்பாவுக்கே தெரியாது.

படம் வந்ததும் ஐயா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உவன் எப்பிடி உதுக்குள்ளை வந்தவன்?"

"நான்தான் விட்டனான்."

ஐயா என்னோடு கோபிக்கவில்லை. "உவனை வெட்டிப்போட்டு மாட்டு" என்று மட்டும் சொன்னார். ஸ்டூடியோவில் கொடுத்து, வேம்பு இல்லாமல் ஒரு படம் செய்வித்து மண்டபத்தில் மாட்டினேன்.

அறுபத்துநாலு மார்கழிப் புயலில் சித்தப்பா கடலோடு போய்விட்டார். உடல் கரைக்கு வரவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கப் படம் தேடினார்கள். அவர் தன் வாழ்நாளில் ஸ்டூடியோ வாசலை மிதித்ததில்லை. கத்தரீனாச் சித்தி பெட்டி முழுக்கக் கொட்டிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று மத்தியானம் ஐயா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, அந்த வெட்டின துண்டு இருக்கோ? எறிஞ்சுபோட்டியோ?"

"நெகட்டிவை வெட்டேல்லை ஐயா. அதிலை அப்பிடியே நிக்கிறார்."

ஐயா கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார்.

சித்தப்பாவை மட்டும் பெருப்பித்து எடுத்தோம். ஓரத்தில் நின்றதால் முகம் சற்று இழுபட்டிருந்தது, மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகவும் இருந்தது. ஆனால் அவர்தான். படத்துக்கென்று நிற்காத முகம். வாயோரத்தில் ஒரு சிரிப்பு. கண் கமராவிலும் இல்லை, பொம்பிளையிலும் இல்லை. முழுப்படத்தை எடுத்து அந்தப் பார்வை எங்கே போகிறது என்று ஐயாதான் விரலால் பிடித்துக்கொண்டு போனார்.

"என்னையெல்லே பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறான்."

படத்தை அவரே கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். சித்தி வாசலில் நின்று வாங்கினாள், பார்த்தாள், சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு, "உள்ளுக்கு வாங்கோ அத்தான்" என்றாள். பதினொரு வருசத்துக்குப் பிறகு ஐயா குனிந்து அந்த வாசலுக்குள் போனார்.

தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. ஐயா அதைத் தொடவில்லை. "சின்னனிலை அவனுக்குத் தண்ணியெண்டால் பயம்" என்று தொடங்கினார். "நான்தான் தோளிலை வைச்சு இறக்கினனான். கழுத்தை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, 'அண்ணை விட்டிடாதை, விட்டிடாதை' எண்டு..."

நாங்கள் வீட்டுக்குத் திரும்பப் பொழுதுபட்டுவிட்டது.