ஆபிதா பீவியின் பாஸ்வேர்டு

சுந்தர்ராமனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. தொண்ணூற்றொன்பதில் திருநெல்வேலி டவுணுக்கு இன்டர்நெட் வந்ததும் ஊர்ப் பையன்களெல்லாம் அதில் படம் பார்க்க அலைந்தார்கள். இந்த மனுஷன் மட்டும் அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான். யாருடைய மெயிலை யார் திருடிப் படிக்கலாம், அதை எப்படித் தடுக்கலாம், இதே யோசனைதான். கண்டுபிடித்ததையெல்லாம் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு எழுதிப் போடுவான். ஒருத்தனும் பதில் போடவில்லை. அம்மா பம்பாய்க்கு அக்கா வீட்டோடு போய்விட்டாள். வீட்டில் பேச ஆளில்லை என்பதைத் தவிர அவனுக்கு வேறு குறையில்லை. அந்த ஒரு குறை போதாதா?

கீழரத வீதியில், துணிக்கடை மாடியில், அப்பாத்துரை அண்ணாச்சியின் பிரௌசிங் சென்டரில் அவனுக்கு வேலை. சனிக்கிழமை தவறாமல் பேட்டையிலிருந்து ஆபிதா பீவி வருவாள். புருஷன் அசன் மைதீன் சவூதியில், தம்மாமில் இருந்தான். அவள் சொல்லச் சொல்ல இவன் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பான். வந்த பதிலை வாசித்துக் காட்டுவான்.

"கோவப்படாம இருன்னு எழுதிருக்காக அக்கா."

"ஆமா, அவுகளுக்கு என்ன, அங்கன இருந்துக்கிட்டு சொல்லுதாக. எங்க மாமியாட்ட வந்து ஒரு நாள் இருந்து பாக்கச் சொல்லுங்க" என்று சிரிப்பாள். கிளம்பும்போது, "சாப்ட்டியளா தம்பி? மூஞ்சி வாடிக்கெடக்கு" என்பாள். வாரம் முழுக்க அவனை அப்படிக் கேட்ட ஒரே ஜீவன் அவள்தான்.

ஒருநாள் பிரௌசிங் சென்டர் ஆபத்துகளைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தான். திருடன் வரக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தவனுக்குத் திக்கென்றது. ஆபிதா பீவிக்குக் கணக்குத் திறந்து கொடுத்தது யார்? மகள் ஷம்ஸியா பேரையே பாஸ்வேர்டாக வைத்தது யார்? ஒரு கடிதம் விடாமல் படித்தது யார்? சே! உலகத்து ஓட்டையெல்லாம் தேடியவன், தானே ஒரு ஓட்டையாக உட்கார்ந்திருந்தான்.

சொல்லாமலே விட்டுவிடலாம். சொன்னால் சனிக்கிழமை போய்விடும். ஒரு வாரம் மனசோடு மல்லுக்கட்டிவிட்டு, அவள் வந்ததும் சொல்லிவிட்டான்.

"அக்கா, இனிமே நீங்களே அடிக்கணும். நான் சொல்லித்தாரேன். பாஸ்வேர்டையும் மாத்திருங்க. யார்ட்டயும் சொல்லக் கூடாது. என்கிட்டயும்."

"ஏன் தம்பி, எனக்கு அடிச்சுக் குடுக்க ஒங்களுக்குச் சடவா இருக்கா?"

"ஐயோ, இல்லக்கா."

"பொறவென்ன? ஒங்களப் போயி சந்தேகப்படவா?"

"என்னைய நம்புறதுதான் தப்பு" என்றான். அவளுக்கு அது புரியவில்லை. அண்ணாச்சிக்கு நன்றாகப் புரிந்தது. "தேடி வார யாவாரத்த வெரட்டுதீரே வே, கிறுக்கா ஒமக்கு?" என்று கத்தினார்.

ஐப்பசி மழைக்குள் அவள் பழகிவிட்டாள். பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் கோழி கொத்துவதுபோல் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்கும். சில நேரம் தனக்குத்தானே சிரிப்பாள். எதற்கென்று இவனுக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை அந்தச் சத்தம் பாதியில் நின்றது. துப்பட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னக்கா, என்ன எழுதிருக்காக?"

"ஒண்ணுமில்ல தம்பி."

சாப்ட்டியளா என்று கேட்காமலே படியிறங்கிப் போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பேட்டையில் எந்தத் தெரு என்றுகூட இவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் என்ன சொல்லிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவான்?

ஒரு மத்தியானம், சென்டர் காலியாகக் கிடந்தபோது, அவள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அவளுக்கு என்ன ஆச்சென்று தெரிந்தால் போதும், வேறொன்றும் படிக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டான். திருடன் எவனும் அப்படித்தான் சொல்வான் என்பது அவனுக்குத் தெரியாதா? அவள் கணக்கின் பேரை அடித்தான். கீழே ஷம்ஸியா என்று அடித்தான்.

பாஸ்வேர்டு தவறு என்று வந்தது.

எத்தனையோ ஓட்டைகளைப் பற்றி எழுதி எழுதி ஒன்றையும் அவனால் அடைக்க முடிந்ததில்லை. இந்த ஒன்றை அடைத்துவிட்டான். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "என்ன வே, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா?"

"இல்ல அண்ணாச்சி, சரியாத்தான் வேலை செய்யுது."